திரும்பி வந்த அறுபது மூட்டை

எங்கள் தெருச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில், முப்பத்தோராம் பக்கத்தில், என் தம்பியின் படம் வந்திருக்கிறது. படத்துக்குக் கீழே நான்கு வரி. போரால் பசித்திருந்த அயல்நாட்டு மக்களுக்கு அறுபது மூட்டை மாவு அரைத்து அனுப்பிய வள்ளல், மறைந்த நம் மாவு மில் உரிமையாளர் என்று போட்டிருக்கிறார்கள். அவன் மறைந்ததும், மில் வைத்திருந்ததும் உண்மை. அனுப்பியது பொய். அறுபதில் ஒரு மூட்டைகூடக் கப்பல் ஏறவில்லை. அத்தனையும் திரும்பி வந்தன. திரும்ப வாங்கி வந்தவன் என் தம்பி. அதற்காக இந்தத் தெரு அவனை என்ன பாடு படுத்தியது என்பது அந்த நான்கு வரியில் எங்கும் இல்லை.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுத அது போதும். தேதியும் கிழமையும் அந்த வருடத்து நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கின்றன.

தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன். அப்பா போனபோது அவனுக்குப் பதினான்கு. அந்த மாதமே தெருமுனை மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். மில் முதலாளிக்குப் பிள்ளை கிடையாது. இருபது வருடம் இவன் வேலையைப் பார்த்துவிட்டு, கண் மங்கியதும் மில்லை இவன் கையிலேயே ஒப்படைத்துவிட்டுப் போனார். தெருவில் அவனுக்குச் 'சல்லடை' என்று பெயர். கோதுமை கொண்டு வந்தால் புடைத்து, சலித்து, பொறுக்கிய கல்லைத் தனியாகக் காகிதத்தில் மடித்து, மாவோடு சேர்த்துக் கொடுப்பான்.

"கல்லை எதுக்குடா பொட்டலம் கட்டிக் குடுக்கற?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"எடை குறையுதுன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாதுல்லக்கா. கல்லும் அவங்களுதுதானே."

சிலர் அந்தப் பொட்டலத்தை அங்கேயே பிரித்து, "இந்த வாரம் வீடு கட்டற அளவுக்குச் சேந்துடுச்சு, சல்லடை" என்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் அடுத்த தெருவிலும் மில் இருந்தது. அதைத் தாண்டித்தான் இவனிடம் வந்தார்கள். எனக்கு அதில் பெருமை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் தம்பியோடு வந்து தங்கினேன். முன்னறையில் இயந்திரம், நடுவறையில் மாவு ஆற வைக்கும் இடம், பின்னால் இரண்டு அறையில் தம்பி, அவன் மனைவி, நான். மூன்று பேர் தலைமுடியிலும் எப்போதும் மாவு இருக்கும். "நமக்கு நரைச்சாலும் யாருக்கும் தெரியாது அண்ணி" என்பாள் தம்பி மனைவி.

ஆறும் அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரைத்த மாவு சூடாக விழும். வறுத்த தானியமாக இருந்தால் இன்னும் சூடு. அதை வெள்ளைத் துணியில் பரப்பி, விசிறியைப் போட்டு, இரண்டு முறை கிளறி விட்டு, முழுதாக ஒரு நாளும் ஒரு இரவும் வைப்பான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரை மாவுக்குள் விட்டுப் பார்ப்பான். "மேல ஆறியிருக்கும், நடுவுல ஆறியிருக்காது. சூட்டோட கட்டினா வேர்க்கும். வேர்த்தா பத்து நாள்ல பூசணம்" என்பான். முழங்கைக்குச் சூடு தெரிந்தால் யார் வந்து நின்றாலும் கட்டித் தர மாட்டான். கட்டும்போது வெள்ளைச் சணலால் மூட்டை வாயை நெருக்கித் தைத்து, இடது மூலையில் இரட்டை முடிச்சுப் போடுவான். அந்த முடிச்சைப் பார்த்தாலே அவன் கை என்று தெரியும்.

அவனுக்கு நாற்பத்து நான்கு வயது நடந்தபோது, கடல் தாண்டிய ஒரு நாட்டில் போர் நின்றது. சண்டை நடந்தவரை நாங்கள் யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நின்ற பிறகுதான் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இடிந்த சுவர்களுக்கு நடுவே பாத்திரத்தை ஏந்திக்கொண்டு வரிசை. முன்னால் நின்ற பெண்ணின் பாத்திரம் காலியாகவே திரும்பியது. பெயிண்ட் கடைக்காரர், அவர்தான் அப்போது சங்கத் தலைவர், படிப்பகத்தில் கூட்டம் போட்டார். நிவாரணக் கப்பல் போகிறது, நம் தெரு சார்பில் உணவு கொடுக்க வேண்டும் என்றார். அரிசி கொடுக்கலாம், பருப்பு கொடுக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

கடைசி வரிசையிலிருந்து தம்பி கேட்டான். "அங்க அடுப்பு இருக்கா?"

"என்ன சல்லடை, புரியல."

"ஊரே இடிஞ்சு கெடக்கு. விறகு இருக்காது, பாத்திரம் இருக்காது. நல்ல தண்ணி கெடைச்சாலே பெருசு. பச்சைப் பருப்பைக் குடுத்தா என்ன பண்ணுவாங்க, மாலை கோத்துப் போட்டுக்குவாங்களா?"

சிரிப்பு அடங்கியதும் அவனே வழியும் சொன்னான். கோதுமையும் கடலையும் வறுத்து, சர்க்கரை சேர்த்து அரைத்துவிட்டால் தண்ணீரில் கரைத்து அப்படியே குடிக்கலாம். வீட்டுக்கு வீடு தானியம் கொடுக்கட்டும். வறுப்பதும் அரைப்பதும் கட்டுவதும் அவன் பொறுப்பு. அன்று எல்லோரும் கை தட்டினார்கள். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவளிடம், "என் தம்பி" என்றேன். அவளுக்கு அது முன்பே தெரியும்.

நூற்று நாற்பத்திரண்டு வீட்டில் நூற்று முப்பத்தேழு வீடு கொடுத்தது. பிள்ளைகள் இல்லாத வீடும் கொடுத்தது. எதிர்ச் சந்தில் தனியாக இருந்த தையல்காரம்மா தினமும் காலையில் ஒரு கிண்ணம் கோதுமை கொண்டு வருவார். "ஒரே தடவையா குடுக்கலாமேம்மா" என்றால், "காலையில எனக்குப் பசிக்கறதில்ல, அதை அன்னன்னிக்குக் கொண்டாறேன்" என்பார். பசிக்காமல் இல்லை. அந்த மாதத்தில் அவருடைய ரவிக்கை தோளில் தொளதொளத்துப் போனதை நான் பார்த்தேன்.

தம்பி வழக்கமான வேலையை மதியத்தோடு முடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் இதைச் செய்தான். பதினெட்டு நாள். கையெல்லாம் சூட்டுக் கொப்புளம். இருபத்தைந்து கிலோ மூட்டை. ஈரம் படாமலிருக்க உள்ளே பிளாஸ்டிக் பை போட வேண்டும் என்பது நிவாரண அலுவலகத்தின் விதி. ஞாயிற்றுக்கிழமை வரை நாற்பத்தாறு மூட்டை ஆறி, தைத்து, சுவரோரம் அடுக்கியாகிவிட்டது. கடைசிப் பதினான்கு மூட்டைக்கான மாவு திங்கள் மாலைதான் அரைத்து முடிந்தது. லாரி வியாழக்கிழமை வரும் என்று சொல்லியிருந்தார்கள். எனவே அதை ஆறப் போட்டுவிட்டு, தேய்ந்துபோன மில் கல்லைக் கழற்றிக்கொண்டு, செவ்வாய் காலை கல் கொத்துகிறவரிடம் போனான். அவர் ஊரின் மறு கோடியில் இருந்தார். தம்பியிடம் செல்போன் கிடையாது. போகும்போது என்னிடம் சாவியைக் கொடுத்து, "நடுவறையைத் திறக்காதக்கா, தூசி போகும்" என்றான்.

பதினோரு மணிக்கு லாரி வந்தது. கூடவே பெயிண்ட் கடைக்காரரும், பத்திரிகைப் படக்காரரும், சங்கத்து ஆட்கள் நான்கு பேரும் வந்தார்கள்.

"அக்கா, ஏத்தறதை முன்னாடியே வச்சுட்டாங்க. இன்னிக்கு விட்டா நம்ம தெரு இல்லாமலே கப்பல் போயிடும். சாவி உங்ககிட்டயாமே?" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

"உள்ள இருக்கறது இன்னும் ஆறலைங்க. அவன் வந்துடட்டும்."

"அவர் வர ரெண்டு மணி ஆகும். லாரி நிக்காது. அறுபதுன்னு எழுதிக் குடுத்தாச்சு, நாப்பத்தாறு போனா நம்ம மானம் போகும். பேப்பர்ல தம்பி பேரு போடச் சொல்லியிருக்கேன். மில் வாசல்லயே படம்."

தம்பி பெயர் பேப்பரில் வரும் என்றதும் எனக்குள் ஏதோ இளகிவிட்டது. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் நான் எழுதுவதற்கும் அந்த மலருக்கும் வித்தியாசம் இல்லை. சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதோடு நிற்காமல் மூட்டை வாயைப் பிடித்தும் கொடுத்தேன். சணலும் ஊசியும் தேட நேரமில்லை என்று பெயிண்ட் கடையிலிருந்து ஆரஞ்சு நிற நைலான் கயிறு கொண்டு வந்து இறுக்கிக் கட்டினார்கள். ஒவ்வொரு மூட்டையையும் நகர்த்தும்போது, தூங்கும் குழந்தையைத் தூக்கினாற்போல் என் வயிற்றில் சூடு பட்டது. பதினான்கு முறை பட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. படம் எடுத்தார்கள். லாரி போய்விட்டது.

தம்பி இரண்டே காலுக்கு வந்தான். கொத்திய கல்லை வாசலில் இறக்கிவிட்டு நடுவறையைப் பார்த்தான். துணி மட்டும் கிடந்தது.

"யாருக்கா கட்டினது?"

சொன்னேன்.

"கையை விட்டுப் பாத்தாங்களா?"

"இல்ல."

"நீ?"

நான் கீழே கிடந்த துணியை மடிக்கக் குனிந்தேன். அவன் முகத்தைக்கூடக் கழுவாமல் கிளம்பினான். நானும் பின்னால் போனேன். "நீ எதுக்கு" என்றான். பிறகு பேருந்தில் எனக்கு இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அவன் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்தான்.

துறைமுகக் கிடங்கில் எங்கள் மூட்டைகள் இரண்டு மரத்தட்டுகளின் மேல் அடுக்கி, வலை போட்டு, முத்திரை குத்தித் தயாராக இருந்தன. பதினான்கும் ஓரிடத்தில் இல்லை; இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆரஞ்சுக் கயிறு தெரிந்தது. வெள்ளைச் சணல் தைத்த மூட்டைகளில் ஒன்றுமில்லை. ஆரஞ்சுக் கயிறு கட்டியவற்றில், வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக், குளிர்ந்த கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல் வெளுத்து, உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. தம்பி வலைக்குள் விரலை விட்டு அதைத் தொட்டுப் பார்த்தான்.

கிடங்குக்குப் பொறுப்பான அதிகாரி ஓர் அம்மாள். பொறுமையாகத்தான் கேட்டார்.

"பதினாலு மட்டும் எடுத்துடுங்க மேடம். ஆரஞ்சுக் கயிறு. நானே இறக்கறேன்" என்றான் தம்பி.

"முத்திரை வச்சாச்சுங்க. உடைச்சா முழு சரக்கும் ரத்து. அறுபதுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. கயிறு கலர் பாத்தெல்லாம் இறக்க முடியாது."

"மறுபடி கட்டி, முத்திரை வச்சு..."

"நாளைக்குக் காலையில ஏத்தறாங்க. பரிசோதனை ஆளுங்க போயிட்டாங்க. ஒண்ணு எல்லாம் போகும், இல்ல எல்லாம் உங்களோட வரும். அடுத்த கப்பலப் பத்தி எனக்குத் தெரியாது."

"எத்தனை நாள்ல போய்ச் சேரும்?"

"இருபத்திரண்டு நாள். இறக்கிப் பிரிச்சுக் குடுக்க இன்னும் பத்து நாள் ஆகலாம்."

தம்பி வெளியே வந்து ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தான். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும். சுவர்க் கடிகாரம் நாலே முக்கால் காட்டியது.

"நாப்பத்தாறு நல்ல மூட்டைடா. எத்தனை பேர் குடிக்கலாம்? கெட்டுப் போனதைக் கண்ணால பாத்தா தூக்கிப் போட்டுடுவாங்கல்ல?" என்றேன்.

"வயிறு நெறஞ்சவன் துப்பிடுவான்க்கா. பசிச்சவன் துப்ப மாட்டான். அதுலயும் அம்மா குடுத்தா குழந்தை துப்பாது." பிறகு, "தையல்காரம்மாவுக்கு என்ன சொல்றது?" என்றான்.

ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போனான். ரத்துப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில், மாவு சூடாகக் கட்டப்பட்டது, உண்ணத் தகாது என்று எழுதினான். யாருடைய தவறு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பேனாவை வைத்துவிட்டு ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் பெயரை எழுதினான்.

"கட்டினது பெயிண்ட் கடைக்காரன்னு எழுதேன்டா."

"சாவி எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க."

அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவன் எடுக்கவே இல்லை.

மூட்டைகள் திரும்ப லாரி கிடைக்கப் பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் படம் பேப்பரில் வந்துவிட்டிருந்தது. அதன் கீழே சங்கத் தலைவர் பெயர் இருந்தது. மில் பெயர் இல்லை. லாரி வந்த அன்று தம்பி அறுபது மூட்டையையும் மில் வாசலிலேயே பிரித்தான். தெருவே நின்று பார்த்தது. ஆரஞ்சுக் கயிற்று மூட்டைகளில் மாவு கட்டி கட்டியாக, பச்சையும் சாம்பலும் பூத்து, புளித்த நாற்றம் அடித்தது. சணல் தைத்தவை பொலபொலவென்று, வறுத்த வாசனை மாறாமல் இருந்தன.

"துறைமுகத்துல மழைத்தண்ணி பட்டிருக்கும்" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

"அப்ப இது நாப்பத்தாறும் குடை புடிச்சுக்கிட்டு இருந்துச்சா?" என்றாள் தம்பி மனைவி.

சிலர் சிரித்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ரத்துப் படிவத்தின் நகலை எடுத்தார். நிவாரண அலுவலகம் சங்கத்துக்கு அனுப்பியது. "இதை நான் சொல்லல. தவறு யாருதுன்னு அவரே கைப்பட எழுதிக் குடுத்திருக்காரு, படிச்சுக்கங்க" என்று கூட்டத்தில் நீட்டினார். அது கைமாறிக் கைமாறிப் போயிற்று.

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். சொல்லிவிடலாம் என்று ஒரு படி இறங்கினேன். தம்பி திரும்பிப் பார்த்தான். "அக்கா, உள்ள போயி தண்ணி கொண்டா" என்றான். போனேன். போகச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். தண்ணீரோடு திரும்பி வந்தபோது பாதிக் கூட்டம் கலைந்திருந்தது.

தையல்காரம்மா மட்டும் அவன் எதிரில் நின்றிருந்தார். குரலை உயர்த்தவில்லை. "கெட்டதோ நல்லதோ, போய்ச் சேர்ந்திருக்கணும் தம்பி. குடுத்தோம்னு ஒரு நிம்மதி இருந்திருக்கும். அதையும் திருப்பிக் கொண்டாந்துட்டீங்க."

தம்பி குனிந்து, கழற்றிப் போட்ட கயிறுகளைப் பொறுக்கினான். அதன் பிறகு அவர் எங்கள் மில்லில் அரைக்கவில்லை. எங்கள் துணியையும் தைக்கவில்லை.

நல்ல நாற்பத்தாறு மூட்டையை என்ன செய்வது? திரும்பி வந்ததை மறுபடி எடுக்க முடியாது என்று நிவாரண அலுவலகம் எழுதிவிட்டது. மருத்துவமனைக்குக் கேட்டான், முதியோர் இல்லத்துக்குக் கேட்டான். "அந்தத் திரும்பி வந்த மாவா?" என்று இரண்டு இடத்திலும் கேட்டார்கள். கடைசியில் மாட்டுத் தீவனக்காரர் கெட்டதோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கெட்டதை மாட்டுக்கும் போடக் கூடாது என்று பதினான்கு மூட்டையையும் தம்பி குழி வெட்டிப் புதைத்தான். நல்லதில் முப்பத்தெட்டைக் கொடுத்தான். எட்டு மூட்டையை நிறுத்திக்கொண்டான்.

அந்த எட்டு மூட்டையையும் நாங்கள்தான் குடித்தோம். ஏழு மாதம், தினமும் காலையும் இரவும். சுடுதண்ணீர் வைக்கட்டுமா என்று தம்பி மனைவி முதல் நாள் கேட்டாள். "அங்க வச்சிருப்பாங்களா?" என்று குழாய்த் தண்ணீரில் கரைத்தான். நன்றாகத்தான் இருந்தது. "சர்க்கரை இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்று மட்டும் ஒரு நாள் சொன்னான்.

தெரு அவன் பெயரை மாற்றியது. சல்லடை போய்க் 'கப்பல்' ஆயிற்று. "என்ன கப்பல், இன்னிக்கு ஏத்தமா இறக்கமா?" என்பார்கள். இதற்கு அவன் சிரிக்கவில்லை. அரைக்கக் கொண்டு வந்த சிலரும் மாவுக்குள் கையை விட்டு அவன் எதிரிலேயே முகர்ந்து பார்த்தார்கள். பிறகு அவர்களும் அடுத்த தெரு மில்லுக்குப் போனார்கள். ஒன்றரை வருடத்தில் இயந்திரத்தைக் கழற்றினோம். தம்பி அதே தீவனக்காரரிடம் சோதனை வேலைக்குப் போனான். அங்கேயும் சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை விட்டுத்தான் பார்ப்பானாம். பதினைந்து வருடம் பார்த்தான். போன வருடம், அறுபத்தோராவது வயதில், நெஞ்சு வலி வந்து இறந்தான். துக்கத்துக்குத் தெருவிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள்.

மலரைப் பார்த்த மறுநாள் பெயிண்ட் கடைக்குப் போனேன். அவருக்கும் வயதாகிவிட்டது, இப்போது கௌரவத் தலைவர்.

"நல்லவிதமாத்தானேக்கா எழுதியிருக்கோம். வள்ளல்னு போட்டிருக்கு."

"போகலையே."

"இத்தனை வருஷம் ஆயிடுச்சு. போச்சா போகலையான்னு யாருக்கு ஞாபகம் இருக்கு? தெருவுக்கும் பேரு, அவருக்கும் பேரு."

"கப்பல்னு நீங்க கூப்பிட்டது ஞாபகம் இருக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த மலர்ல திருத்தம் போடலாம். இதுல இனி இடமில்லைக்கா."

அடுத்த மலர் இன்னும் இருபத்தைந்து வருடம் கழித்து வரும். எனக்கு இப்போதே அறுபத்தாறு.

நேராகப் படிப்பகத்துக்குப் போனேன். அங்கே மலர் பதினோரு பிரதி அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து, அடிக்கோல் வைத்து, 'அனுப்பிய' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'திரும்ப வாங்கி வந்த' என்று எழுதினேன். கீழே, 'சூட்டோடு கட்டியது சங்கம். சாவி கொடுத்தது அக்கா' என்றும் எழுதினேன். ஒன்பது பிரதி முடிந்திருந்தது. படிப்பகத்துப் பெண் வந்துவிட்டாள்.

"புத்தகத்துல கிறுக்காதீங்கம்மா, எல்லாரும் படிக்கறது" என்றாள்.

பேனாவை மூடி வைத்தேன். அவள் டீ வாங்கப் போனதும் மீதி இரண்டையும் முடித்துவிட்டு வந்தேன்.